கும்பிட்ட இடத்தில் குடிவைக்காமல் தப்பிப்பது எப்படி?

உங்கள் ஊரில் பூட்டிக்கிடக்கும் பழைய மாதா கோயில் ஒன்று இருக்கிறதா? அதை ஏழைகளுக்குக் குறைந்த வாடகை வீடாக்கலாம் என்று யாராவது வாயைத் திறந்துவிட்டார்களா? பதறாதீர்கள். பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறீர்கள்.

1. உருகுங்கள். கூரை ஒழுகியபோது வராத கண்ணீர், குடித்தனம் வரப்போகிறது என்றதும் வந்தாக வேண்டும். அந்தக் கோயில் படியை மிதித்து எத்தனை வருஷம் ஆச்சு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

2. பழுது பாருங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசுங்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லைத் தின்னும். நாலு மழை போதும். பிறகு ‘ஆபத்தான கட்டடம்’ என்று நீங்களே பலகை மாட்டிவிடலாம்.

3. வழக்குப் போடுங்கள். அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில், கிளாரண்டன் பாப்டிஸ்ட் சபை தன் கோபுரத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஆலயத்துக்கு மேலேயே 116 வீடுகளுக்கு இடம் கொடுத்தது. அதில் 70 குறைந்த வாடகை வீடுகள். அக்கம்பக்கத்தார் ‘மதத்துக்கு அரசாங்கப் பணமா?’ என்று கோர்ட்டுக்குப் போனார்கள். தோற்றார்கள். இருந்தாலும் இழுத்தடித்தார்கள். உங்களுக்கு இருப்பதோ நம்மூர் கோர்ட்டு! கவலையை விடுங்கள்.

4. இதையும் மீறி வீடு கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், குடிவரப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளிக்கு வீடு என்பதே தறிதான். குழித்தறிக்குத் தரையில் பள்ளம் வேண்டும். கரையைத் தனியாக நெய்து உடலோடு கோக்கும் கோர்வை போட்டால் பக்கத்தில் உட்கார இன்னோர் ஆள் வேண்டும். விடிகாலையில் பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட ஒரு தெரு நீளம் வேண்டும். ஆகவே மூன்றாம் மாடியில் வழவழவென்று டைல்ஸ் போட்ட ஒற்றை அறையைக் கொடுங்கள். மாடித் தரையில் அவர் எப்படிக் குழி தோண்டுகிறார் பார்ப்போம். அவர் தறியை விற்றுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனதும், ‘நெசவு அழிகிறதே’ என்று கருத்தரங்கு வையுங்கள். பட்டு வேட்டியில் வாருங்கள்.

5. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் கூரத்துக்காரர்களுக்குத் தனிப் பயிற்சி. உங்கள் ஊர்ச் செப்பேடு ஏழாம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது என்று மேடையில் மார்தட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் வாசித்துக் காட்டாதீர்கள். கோயில் எடுத்ததோடு செங்கல் சுட்ட கணக்கு, குளம் வெட்டிய கணக்கு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்குப் பங்கு, அங்கே தண்ணீரும் நெருப்பும் வைப்பவருக்குப் பங்கு என்று எழுதித் தொலைத்திருக்கிறார்கள். கோயிலென்றால் அங்கே வேலை செய்பவர் வயிறும் சேர்த்திதான் என்று யாருக்காவது உறைத்துவிட்டால் வம்பு.

6. உங்கள் ஊர் வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வான் உற்சவத்தில் முன்வரிசையில் நில்லுங்கள். ராத்திரி அவர் மாளிகைக் கதவைச் சாத்திய சத்தம் காஞ்சிக் கோயிலில் இருக்கும் பெருந்தேவித் தாயார் காதில் விழுந்ததாம். இத்தனை செல்வமா என்று கூசிப்போய், அத்தனையையும் விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினாராம். இந்தக் கதையைத் தழுதழுக்கச் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்துங்கள்.

கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டுச் சாத்துங்கள்.