குரல்மறைவு இயல்: பெருஞ்சேர்ந்திசையில் ஒருவர் கேட்காமற்போவது குறித்த ஓர் ஆய்வு

அமெரிக்கப் பள்ளிகளில் ‘ஆனர் கொயர்’ என வழங்கும் அமைப்பு, ஒரு வட்டாரத்திலோ மாநிலத்திலோ உள்ள பல பள்ளிகளின் மாணவர்களுள் குரல்வளம் மிக்கோரைத் தேர்வு வைத்துத் திரட்டி, இரண்டு மூன்று நாள் ஒத்திகைக்குப் பின் ஒரேயொரு சிறப்பு நிகழ்ச்சியில் பாடவைத்து, அன்றிரவே கலைத்துவிடும் பெருஞ்சேர்ந்திசைக் குழுவாகும். இத்தகைய குழுவின் தேர்வுமுறை, பாடற்பட்டியல், உடை ஆகியன குறித்துப் போதிய அளவு எழுதப்பட்டிருப்பினும், அதன் படிமேடையில் நிற்கும் முந்நூறு பேருள் ஏதேனும் ஒருவர் பாடுகிறாரா, பாடுவதுபோல் நிற்கிறாரா என்னும் அடிப்படை வினாவை அறிஞர் உலகம் நாகரிகம் கருதித் தவிர்த்தே வந்துள்ளது. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்குரிய முரண் தேர்வு அறையிலேயே தொடங்குகிறது. மாணவர் தனியாகப் பாடுகிறார். முன்பின் பார்த்திராத இசைக்குறிப்பை அப்பொழுதே படித்துப் பாடிக் காட்டுகிறார். அவர் முகம் தீர்ப்பைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக நடுவர்கள் பல இடங்களில் திரைக்கு அப்பாலோ முதுகைக் காட்டியோ அமர்ந்து அக்குரலை மட்டும் எடைபோடுகின்றனர். டெக்சாஸ் மாநிலத்தில் இத்தகைய தேர்வுகள் படிப்படியாகப் பல சுற்றுகள் நடந்து, எஞ்சியோர் பிப்ரவரியில் சான் அன்டோனியோ நகரில் கூடும் இசையாசிரியர் மாநாட்டில் பாடுகின்றனர். இவ்வாறு ஆயிரக்கணக்கானோரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அத்தனிக்குரலுக்கு, ஒத்திகையின் முதல் மணி நேரத்திலேயே சிறப்பு நடத்துநர் இடும் கட்டளை, உன் குரல் உன் பக்கத்தில் நிற்பவரின் குரலைவிட உனக்கு மேலாகக் கேட்டால் நீ உரக்கப் பாடுகிறாய் என்பதாகும். தனித்துக் கேட்டமையால் தேர்வானவர், தனித்துக் கேட்காதிருக்கவே அழைக்கப்பட்டிருக்கிறார். பாடிக்கொண்டிருக்கையிலேயே ஒருவர் குரல் தனித்துப் புலப்படாமற்போகும் இந்நிலையை இக்கட்டுரை ‘குரல்மறைவு’ எனக் குறிக்கும்.

இக்கட்டளைக்கு மனித உடல் இணங்குவதாயில்லை. சுற்றியுள்ள ஓசை மிகும்போது பேசுபவர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவர் என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் கண்டறிந்தார். அவ்விளைவு அவர் பெயராலேயே வழங்குகிறது. முந்நூறு பேர் நெருங்கி நிற்கும் மேடையில் ஒவ்வொருவரும் தம் பக்கத்தவரைச் சுற்றுப்புற ஓசையாகவே கருதுவதால், ஒருவர் உயர்த்த அடுத்தவர் உயர்த்துகிறார். இதன் மேல், சுவீடனைச் சேர்ந்த ஒலியியலாளர் ஸ்டேன் டெர்ன்ஸ்ட்ரோம், சேர்ந்திசைப் பாடகர்கள் பிறர் குரல்களின் கூட்டைவிடத் தம் குரல் சராசரியாக 6 டெசிபெல் கூடுதலாகத் தமக்குக் கேட்பதையே விரும்புகின்றனர் என்று அளந்து காட்டியுள்ளார். ஆகவே, மேடையில் நிற்பவர்கள் ஒவ்வொருவருக்கும் தாம் தனிக்கச்சேரி செய்வதாகவும், ஏனைய 299 பேர் தமக்குப் பின்பாட்டுப் பாடுவதாகவும் தோன்றுவது ஆணவமன்று, ஒலியியலே என்று கொள்ளலாம்.

குரல்மறைவு இருவகைப்படும்: பாடி மறைதல், பாடாது மறைதல். முன்னது நடத்துநர் வேண்டுவது. பின்னது பெரும்பாலும் நிகழ்வது. இரண்டுக்கும் வெளியிலிருந்து வேறுபாடு தெரியாது என்பதை எளிய கணக்கு ஒன்றால் நிறுவ முடியும். ஒலியளவை மடக்கை முறையில் குறிக்கும் டெசிபெல் அலகின்படி, ஒருவர் இருவரானால் கூடுவது 3 டெசிபெல். பத்துப் பேரானால் 10. முந்நூறு பேரானால் ஏறத்தாழ 25. முந்நூற்றுவரில் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் குறைவது சுமார் 0.015 டெசிபெல் மட்டுமே. மனிதச் செவி ஒலியளவின் மாற்றத்தை உணர ஏறத்தாழ 1 டெசிபெல்லாவது வேண்டும் என்பதால், 60 பேர் ஒருசேர மௌனம் காத்தாலும் அவையோர்க்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. இதில் சிக்கல் யாதெனில், அந்த 60 பேர் யாவர் என்று எவரும் அறிவிப்பதில்லை; முந்நூறு பேரும் தம்மை அந்த அறுபதின்மருள் ஒருவராகவே எண்ணிக்கொள்ள இடமுண்டு.

இவ்வுரிமை எல்லாப் பகுதியினர்க்கும் சமமாக வாய்ப்பதன்று. பெண்குரலில் உயர்ந்தது சொப்ரானோ, தாழ்ந்தது ஆல்டோ; ஆண்குரலில் உயர்ந்தது டெனர், தாழ்ந்தது பேஸ் எனச் சேர்ந்திசை நால்வகைப்படும். இவற்றுள் டெனர் எங்கும் அரிது. பதின்பருவத்தில் குரல் உடைந்த மாணவருள் பலர் டெனருக்கும் பேஸுக்கும் இடையில் நின்றுவிடுவதால், பள்ளி ஆசிரியர் ஒரு நல்ல டெனரைக் கண்டால் அவர் கேட்கும் தேதியில் தேர்வு வைக்கவும் தயங்கமாட்டார். சொப்ரானோ பகுதியில் இருபது பேர் மறைந்தால் ஒன்றும் குறையாது. டெனர் பகுதியில் அவ்வாறு நேர்ந்தால் சுரக்கட்டின் நடுவில் பள்ளம் விழும்.

பாடாது மறைதலின் உளவியல் பழையது. மாக்சிமிலியன் ரிங்கல்மான் என்னும் பிரெஞ்சு வேளாண் பொறியாளர், கயிறு இழுப்போர் எண்ணிக்கை கூடக்கூட ஆளுக்கு ஆள் இழுக்கும் விசை குறைவதை அளந்து 1913-இல் வெளியிட்டார். தேர்வடத்தைப் பிடித்தபடி உடன் நடந்தே புண்ணியம் தேடிக்கொள்வோரைப் பார்த்துப் பழகிய எவருக்கும் இது வியப்பளிக்காது. 1979-இல் லத்தானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் ஆகிய மூவர் அமெரிக்க மாணவர்களைக் கூவச்சொல்லி நடத்திய சோதனை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. கண்ணைக் கட்டிக் காதில் இரைச்சலைச் செலுத்தி, தாம் பலரோடு சேர்ந்து கூவுவதாக நம்பவைக்கப்பட்ட மாணவர், உண்மையில் தனியாகக் கூவிக்கொண்டிருந்தபோதும் குறைவாகவே கூவினர். கும்பலோடு கோவிந்தா போடுவதற்குக் கும்பல்கூடத் தேவையில்லை, கும்பல் இருப்பதாக ஓர் எண்ணம் போதும் என்பது இதன் வழி உறுதியாகிறது.

இக்குறைபாட்டை நடத்துநர்கள் அறியாதவர்கள் அல்லர்; அவர்கள் அதனை ஒழிக்காமல் முறைப்படுத்தியுள்ளனர். ஒரு சொற்றொடர் ஒருவரின் மூச்சுக்கு மிஞ்சி நீளும்போது, பக்கத்தவர் மூச்செடுக்கும் இடத்தில் எடுக்காதே, எல்லோரும் எடுக்கும் இடத்திலும் எடுக்காதே, ஒரு நெடிலின் நடுவே ஓசையின்றி விலகி ஓசையின்றித் திரும்பு என்று கற்பிப்பர். மாற்றுமூச்சு எனத்தக்க இம்முறையால் குழு மூச்சே விடாததுபோல் ஒலிக்கிறது. எந்நேரமும் சிலர் பாடாதிருப்பதே அதன் மறைபொருள். ஆங்கிலச் சொற்களின் ஈற்றில் வரும் ‘ஸ்’ ஒலிக்கும் இதே வைத்தியம்தான். முந்நூறு பேர் அதனை முந்நூறு நொடிக்கூறுகளில் உச்சரித்தால் அரங்கில் பாம்பு புகுந்ததோ என்னும் ஐயம் எழுமாதலால், ஒரு வரிசையினர் மட்டும் ‘ஸ்’ சொல்லலாம், ஏனையோர் உயிரெழுத்தோடு நிறுத்திக்கொள்க என்று ஆணையிடுவது வழக்கம். ஒரேயொரு மெய்யெழுத்தின் பொறுப்பை ஏற்றுக் கருப்பு உடையில் நிற்கும் அவ்வரிசையினரின் முகத்தில் காணப்படும் தீவிரம் தனி ஆய்வுக்குரியது. பாடல்வரி மறந்தவர்களுக்கெனவும் ஒரு மரபுவழி மருந்து உண்டு. தர்ப்பூசணியைக் குறிக்கும் ‘வாட்டர்மெலன்’ என்னும் சொல்லை ஓசையின்றி வாயசைத்துக்கொண்டிருந்தால், உதடு குவிவதும் மூடுவதும் திறப்பதுமாக அது எப்பாடலுக்கும் ஒருவாறு பொருந்திவிடும் என்பது அமெரிக்கச் சேர்ந்திசையாளர் வழிவழியாகக் கையளித்துவரும் கல்வி.

குழு பெருகினால் மறைவும் பெருகும் என்பதற்கு வரலாற்றுச் சான்று பாஸ்டன் நகரில் உள்ளது. அங்கு 1869-இல் பேட்ரிக் கில்மோர் நடத்திய அமைதி விழாவில் பதினாயிரம் பேர் பாட, ஆயிரம் பேர் கருவி இசைக்க, நூறு தீயணைப்பு வீரர்கள் பட்டடைக்கல்லில் சுத்தியலால் தாளமிட்டனர். 1872-இல் நடந்த அடுத்த விழாவில் பாடியோர் தொகை இருபதாயிரம் ஆனது. அதில் நடத்துநராக நின்ற இளைய யோஹான் ஷ்ட்ராவுஸ், நூறு துணை நடத்துநர்களை வைத்துக்கொண்டும் அருகிலிருந்தோரைத் தவிர எவரையும் தம்மால் காண முடியவில்லை என்றும், பீரங்கி வெடித்ததும் தொடங்கி எப்படியோ ஏறக்குறைய ஒன்றாக முடிந்ததே பெரும்பேறு என்றும் பின்னர் எழுதினார்.

பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைத் திருவையாற்றில் பலநூறு பேர் கூடிப் பாடும் கோஷ்டிகானம், எல்லோரும் ஒரே சுரவரியைப் பாடுவதாலும் தேர்வு ஏதும் இல்லாமையாலும் இவ்வகையில் அடங்காது. எனினும் 1978 முதல் கிளீவ்லாந்து நகரிலும் ஆராதனை நடந்துவருவதால், பள்ளியில் ஆல்டோவாகவும் அங்கே வராளியிலும் குரல் மறைக்கும் அமெரிக்கத் தமிழ்ப் பிள்ளைகள் இருமரபும் துய்ய வந்தவர்கள் எனலாம்.

படிமேடையில் முழங்காலை விறைப்பாகப் பூட்டி நெடுநேரம் நின்றால் குருதி காலில் தங்கி மயக்கம் வரும். மயங்கி விழுபவர் கண்ணுக்குப் புலப்படுவாரேயன்றிச் செவிக்குப் புலப்படார் என்பதால், இந்நிகழ்வு இவ்வியலின் எல்லைக்கு வெளியே விழுகிறது.

எஞ்சியிருப்பது ஒரே விதிவிலக்கு. 1741-இல் ஹாண்டெல் இயற்றிய ‘மெசையா’வின் அல்லேலூயா பகுதியில், விரைந்தெழும் முழக்கங்களுக்குப் பின், இறுதி அல்லேலூயாவுக்கு முன், அனைவரும் வாய்மூடி நிற்க வேண்டிய சிற்றிடைவெளி ஒன்று வருகிறது. அவ்விடத்தில் எண்ணிக்கை தவறி ஒருவர் முந்திக்கொண்டால் மேற்கூறிய டெசிபெல் கணக்கு முழுதும் தலைகீழாகிறது. 299 பேரும் மௌனமாயிருக்க, தேர்வு அறைக்குப் பின் முதன்முறையாக அக்குரல் தனித்து, தூய்மையாக, கடைசி வரிசை வரை கேட்கிறது. அந்நேரத்தில் எவரும் முகம் மாறக்கூடாது, பக்கத்தில் திரும்பக்கூடாது என்பது ஒத்திகையில் கற்பிக்கப்படும் ஒழுக்கமாதலால், பாடியவர் யாரென அவையோர் அறிதல் அரிதாகும். எனினும் இடப்புறமோ வலப்புறமோ நிற்பவரைச் சினந்து திரும்பிப் பார்ப்பவர் ஒருவர் தென்படின், பாடியவர் அவரே எனத் துணியலாம்.