புவியீர்ப்பு உண்டு, தரை கிடையாது

கேம் செய்யக் கற்க வருபவர் யாரும் சின்ன ஆசையோடு வருவதில்லை. சோழர் படை, கடற்போர், நூறு பேர் சேர்ந்து ஆட ஆன்லைன் வசதி எல்லாம் மனதில் தயார். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியை இன்ஸ்டால் செய்வதுதான் பாக்கி. இரண்டே நாளில் ‘சாஃப்ட்வேர் ரொம்பக் கஷ்டம்’ என்று ஒதுங்கிவிடுவார்கள். இந்தத் தீர்ப்பை நான் ஏற்க மாட்டேன். பட்டன்கள் ஏராளம் என்பது உண்மை. எந்த பட்டன் எதற்கு என்பதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ஆளைத் திணறடிப்பது வேறு. பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லத் தேவைப்படாத விஷயங்களை அந்த மென்பொருள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்கிறது.

தரையையே எடுத்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைத்த அரண்மனை மாடலை இறக்கி, முற்றத்தில் வீரனை நிறுத்தி, அவனுக்குப் புவியீர்ப்பைத் தரும் ரிஜிட்பாடி சேர்த்து, ப்ளே பட்டனை அழுத்தினால் வீரன் பளிங்குத் தரைக்குள் புகுந்து கீழே போய்விடுவான். வலப்பக்க இன்ஸ்பெக்டர் பலகையில் அவனுடைய உயரத்தைக் காட்டும் ஒய் எண் மைனஸ் நூறு, மைனஸ் ஆயிரம் என்று இறங்கிக்கொண்டே இருக்கும். போய் விழ அங்கே பாதாள லோகம்கூட இல்லை. விநாடிக்கு விநாடி 9.81 மீட்டர் வேகம் கூட வேண்டும் என்ற கணக்கு வரை ரிஜிட்பாடி பார்த்துக்கொண்டது. மேலே வருபவரைத் தடுத்து நிறுத்த, தரைக்கு ஒரு கொலைடர் வேண்டும் என்பதை நாம்தான் சொல்லவில்லை.

“இதைக்கூடவா தானாகச் செய்யாது?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் படும். ஆனால் எல்லாவற்றிலும் கொலைடர் தானாக ஒட்டிக்கொண்டால் புகையில் முட்டி மூக்கு உடையும். காசு பொறுக்கப் போனவன் காசிலேயே இடித்துக்கொண்டு நிற்பான். பேய் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கும். எது தடுக்கும், எது வழிவிடும் என்று முடிவுசெய்வதுதானே கேம் செய்கிறவர் வேலை? ப்ளே ஓடும்போது செய்த திருத்தங்கள் நிறுத்தியதும் காணாமல் போவதும் இதே ரகம். குதிக்கும் உயரத்தை அரை மணி நேரம் செதுக்கியவர் அழுவார், அழட்டும். அவை அழியாமல் நின்றால், ஒத்திகையில் செத்த எதிரி அரங்கேற்றத்துக்கும் வரமாட்டான்.

ரெடிமேட் டெம்ப்ளேட் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். இருக்கிறது, ஓடும், குதிக்கும். நாம் நினைத்த மாதிரி குதிக்க வைக்கப் போனால் அதே கேள்விகள் வரிசையில் நிற்கும். ‘ஸ்டார்டியூ வேலி’ கேமை எரிக் பரோன் தனி ஆளாகத்தானே செய்தார் என்றால், ஆமாம், 2016இல் வெளிவர அவருக்கு நான்கு ஆண்டுக்கு மேல் பிடித்தது. கற்றுக்குட்டிக்கு ஏற்ற முன்னோடி அடாரி கேம் நிறுவனத்தின் ஆலன் ஆல்கார்ன். 1972இல் கைப்பழக்கத்துக்காக அவருக்குத் தரப்பட்ட வேலைதான் ‘பாங்’. இரண்டு மட்டை, ஒரு பந்து, அவ்வளவே. அதிலும் மட்டையைப் பல துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டில் பட்டால் பந்து எந்தக் கோணத்தில் திரும்பும் என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. மட்டை திரையின் உச்சி வரை எட்டாத ஒரு கோளாறும் சர்க்யூட்டில் இருந்தது. அதை அவர் சரிசெய்யாமல் விட்டுவிட்டார். எட்டினால், கைதேர்ந்த இருவர் ஆட உட்கார்ந்து எழுந்திருக்கவே மாட்டார்கள்.