அரைத் தொலைபேசி

ஏற்காட்டில் குடியிருக்கும் பாக்கியத்தைப் பற்றி, மே மாதத்தில் மூன்று நாள் தங்கிப் போகிறவர்கள் நிரம்பச் சொல்லியிருக்கிறார்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறுவதையும், பனி ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறுவதையும், லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் பார்த்தால் சேலம் நகரம் சிந்திவிட்ட ஜரிகைப் பொட்டுகளைப்போல் மினுக்குவதையும் அவர்கள் வர்ணிப்பதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் மலைச்சரிவின் மடியில் ஒதுங்கிய எங்கள் வீட்டுக்குள் கைப்பேசிச் சிக்னல் எட்டிப் பார்ப்பதே இல்லை என்பதும், அவசரமாகப் பேச வேண்டியவர் கொல்லைப் பலாமரத்தடியில் ஒரு குறிப்பிட்ட கல்லின்மேல் ஏறி, மேற்கு முகமாக, அசையாமல் நிற்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

இந்தத் தபசிலிருந்து எங்களை விடுவிப்பதற்காக, சேலத்தில் கணினி வலைப்பின்னல் வேலை பார்க்கும் என் மைத்துனர் மகன், எங்கள் கூடத்தில் ஓர் இணையத் தொலைபேசியைக் கொண்டுவந்து வைத்தான். ரிசீவரும் பொத்தான்களும் உள்ள, பார்வைக்குப் பழைய சம்பிரதாயத்தைச் சேர்ந்த கருவி. உள்ளே மட்டும் நவநாகரிகம். திரையைத் தேய்த்துப் பேசும் கைப்பேசியிடம் எனக்கு விசுவாசம் பிறக்கவில்லை. சிங்கப்பூரில் மகனோடு வசிக்கும் என் அக்காவுக்கும் பிறக்கவில்லை. அது குடும்ப லட்சணம். ஆகவே அங்கும் அவ்விதமே ஒரு கருவி ஸ்தாபிக்கப்பட்டு, எங்கள் கடிகாரத்தில் மாலை ஏழும் அவர்கள் கடிகாரத்தில் இரவு ஒன்பதரையும் ஆகும் வேளையில், ஞாயிறுதோறும் அக்கா பேசுவதும் நான் 'உம்' கொட்டுவதுமாக எட்டு மாதம் இனிதே கழிந்தது.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு கோடை இடி எங்கள் ரவுட்டரின் உயிரைக் கொண்டுபோயிற்று. இணையக் கம்பெனியார் மறுநாளே வேறொன்றை வைத்துப் போனார்கள். அதன் நெற்றியில் பழையதைக் காட்டிலும் இரண்டு விளக்குகள் கூடுதலாக எரிந்ததைக் கண்டு, நாங்கள் அந்தஸ்தில் உயர்ந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குத் தொலைபேசி முறைப்படி மணியடித்தது. எடுத்தேன். அக்காவின் குரலுக்குப் பதில் பரிபூரண நிசப்தம். நான்கு முறை 'ஹலோ' என்றேன்; ரிசீவரைத் தட்டினேன்; ஊதினேன். ஒன்றும் பயனில்லாமற் போகவே, இணைப்பு செத்துவிட்டதென்று தீர்மானித்து, ரிசீவரைக் கையில் பிடித்தவாறே, சமையலறையில் இருந்த என் மனைவியிடம் மனம் திறந்து சில அபிப்பிராயங்களை வெளியிட்டேன்.

அக்கா மே மாதம் இங்கே வருகிறேன் என்று சொல்வது குளிர்ச்சிக்காக அன்று, நம் வீட்டுப் பரணைத் தணிக்கை செய்வதற்காகவே என்றேன். சென்ற தடவை வந்திருந்தபோது, காப்பித் தோட்டத்தின் நடுவே உட்கார்ந்துகொண்டு, காப்பியில் சிக்கரி வாசனை வருகிறதென்று இரண்டு மாதமும் டம்ளரை முகர்ந்து பார்த்தே கழித்தாள் என்பதை நினைவூட்டினேன். இன்னும் சிலவும் சொன்னேன். அவை இங்கே அவசியமில்லை. பேசி முடித்த திருப்தியோடு ரிசீவரை அதன் ஸ்தானத்தில் வைத்தேன். கால் மணி நேரத்திற்கெல்லாம் என் மனைவியின் கைப்பேசிக்கு, வீட்டு இணையத்தின் வழியே, அக்கா மகனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "அத்தை, மாமா பேசினது முழுக்க அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்டதாம்."

அறுபது ஆண்டுகளில் முதன்முறையாக நான் பேச அக்கா குறுக்கிடாமல் கேட்டிருக்கிறாள். அந்த அபூர்வ சந்தர்ப்பத்தை நான் பயன்படுத்திய விதம் இது.

அதன் பிறகு ஒரு வார காலம் இந்த விபரீதத்துக்குப் பரிகாரம் தேடுவதே என் தொழிலாயிற்று. சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அமுக்கினேன். சுருட்டைக் கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். ரவுட்டரை அணைத்து, நூறு எண்ணி, மீண்டும் உயிர்ப்பித்தேன். பலன் மாறவில்லை: மணி அடிக்கும், என் குரல் போகும், அவர்கள் குரல் வராது. பக்கத்து வீட்டில் இருக்கும், தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மேஸ்திரி, விஷயத்தைக் கேட்டு யோசித்துவிட்டு ஒரு சித்தாந்தம் சொன்னார்: "நீங்க பேசறது இறக்கமுங்க, தானா உருண்டு போயிடும். அவங்க பேசறது சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரணுமுங்களே!" இதில் உள்ள தர்க்கத்தை மறுக்க என்னால் இரண்டு நாள் முடியவில்லை. மலையுச்சியில், 1,623 மீட்டர் உயரத்தில், குகைக் கோயிலில் காவேரி அம்மனோடு வீற்றிருக்கும் சேர்வராயனிடம் நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசி வருகிறோம். மறுமொழி காதில் விழாததை இதுவரை எவரும் பழுது என்று புகார் செய்ததில்லை என்றும் எண்ணித் தேற்றிக்கொண்டேன்.

வேறோர் ஆறுதலும் கிடைத்தது. 1876 மார்ச் 10-ஆம் தேதி பாஸ்டன் நகரத்தில் கிரகாம் பெல் ஓர் அறையிலிருந்து தம் உதவியாளர் வாட்ஸனைக் கூப்பிட்டாரே, உலகப் பிரசித்தி பெற்ற அந்தச் சம்பாஷணை, உண்மையில் சம்பாஷணையே அன்று. பெல்லிடம் இருந்தது பேசும் முனை. வாட்ஸனிடம் இருந்தது கேட்கும் முனை. கேட்ட வாட்ஸன் பதில் சொல்ல வேறு மார்க்கம் இல்லாமையால் நேரில் எழுந்து வந்தார். கம்பியின் வழியே வெளியூருக்கு இருவரும் மாறி மாறிப் பேசிக்கொண்டது அக்டோபர் 9-ஆம் தேதி. இடையில் ஏழு மாதம். ஆகவே எங்கள் கூடத்திலிருந்த கருவி பழுதானது என்பதைவிட, தன் பால்யத்துக்குத் திரும்பியிருந்தது என்று சொல்வதே பொருந்தும்.

அடுத்த சனிக்கிழமை மைத்துனர் மகன் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தான். மடிக்கணினியைத் திறந்து கம்பிகளைப் பூட்டி, என்னைச் சிறிது நேரம் பேசச் சொன்னான். குரலை இருபது மில்லி வினாடித் துண்டுகளாக நறுக்கிப் பொட்டலம் கட்டி, வினாடிக்கு ஐம்பது வீதம் கருவி அனுப்புகிறதாம்; எங்கள் பொட்டலங்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன, எதிர்த் திசையில் ஒன்றுகூட இல்லை.

"விலாசத்துலதான் கோளாறு, மாமா" என்றான்.

அவன் சொன்னதை நான் புரிந்துகொண்டது என் பூர்வாசிரமத்தின் துணையால். முப்பத்திரண்டு ஆண்டுகள் நான் ஒரு காப்பித் தோட்ட ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவன். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியை இம்மலைக்குக் கொண்டுவந்த பிறகு தோட்டங்கள் பெருகின. தோட்டத்துக்குத் தோட்டம் லைன் வீடுகள். லைனுக்கு லைன் ஐந்தாம் நம்பர் வீடு. தோட்டத்துக்குள் 'ஐந்தாம் நம்பர்' என்றால் போதும். தபாலில் அதை மட்டும் எழுதினால் தபால்காரர் எந்த மலையில் தேடுவார்? இணையத்திலும் இதே கதைதான். ஆதியில் வகுத்த முறைப்படி உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடி விலாசங்களே உண்டு; அவை போதாதென்று கண்டு, 1994-இல் சில எண் வரிசைகளை உள்வீட்டு உபயோகத்துக்கென்று ஒதுக்கினார்கள். 192.168 என்று ஆரம்பிக்கும் எண் என் வீட்டிலும் உண்டு, அக்கா வீட்டிலும் உண்டு, அடிவாரத்து மளிகைக் கடையிலும் உண்டு. வெளியே போகும் கடித உறையின்மேல் ரவுட்டர் தன் பொது விலாசத்தை எழுதி அனுப்பிவிடும். ஆனால் 'என் குரலுக்கு மறுமொழியை இன்ன இடத்துக்கு அனுப்புங்கள்' என்று தொலைபேசி எழுதுவது உறைக்கு உள்ளே இருக்கும் கடிதத்தில். அங்கே வெறும் 'ஐந்தாம் நம்பர்' என்று இருந்தால், அக்காவின் குரல் புறப்பட்டு எங்கேயோ அலைந்து மாயும். மணியடிக்கும் சமாசாரம் வேறொரு வாசல் வழியாக வருவதால் அதற்கு மட்டும் இடையூறில்லை.

"இது தெரிஞ்சுதான் மாமா, ஆரம்பத்திலேயே ஸ்டன் வெச்சிருந்தேன்" என்றான் பையன். வெளியே உள்ள ஒரு சர்வரிடம் 'உன் பக்கத்திலிருந்து பார்த்தால் என் விலாசம் என்ன, வாசல் எண் என்ன?' என்று கேட்டு, அதையே கடிதத்தில் எழுதும் ஏற்பாடு அது. எட்டு மாதமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அப்படியானால் இப்பொழுது என்ன வந்தது என்று கேட்டேன். அவன் புதிய ரவுட்டரின் உட்பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்து, "எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.!" என்று, திருடனைப் பிடித்த தொனியில் சொன்னான்.

அது ரவுட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தா. உதவி செய்யும் நோக்கத்தோடு நியமிக்கப்பட்டவர். வெளியே போகும் தொலைபேசிக் கடிதங்களை எல்லாம் பிரித்துப் பார்த்து, உள்வீட்டு விலாசம் கண்டால் பொது விலாசமாகத் திருத்துவது அவர் உத்தியோகம். எங்கள் கடிதமோ முன்பே சரியாக எழுதப்பட்டிருந்தது. அதையும் அவர் சும்மா விட மனமில்லாமல், சரியாக இருந்த வாசல் எண்ணை அடித்து, தம் கையெழுத்தில் வேறோர் எண்ணைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வாசலில் யாரும் இல்லை.

நான் சற்று நேரம் பேசாதிருந்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறர் எழுதிய கடிதங்களை அவர்கள் கேளாமலே திருத்தி அனுப்பியவன் நான். 'சௌக்கியம்' என்று இருந்ததை 'க்ஷேமம்' என்று மாற்றியிருக்கிறேன். பையன் ஒரு பொத்தானை அமுக்கி அந்தக் குமாஸ்தாவை வேலையிலிருந்து நீக்கியபோது, ஓய்வூதியமாவது கொடுப்பார்களா என்று கேட்கத் தோன்றியது.

மறுநாள் ஏழு மணிக்கு மணியடித்தது. "அக்கா, கேட்கிறதா?" என்றேன். இருபது வளைவும் ஏறி வந்த களைப்பே இல்லாமல், பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல், அவள் குரல் வந்தது. "டிக்கெட் எடுத்தாச்சுடா" என்றாள், வைத்துவிட்டாள்.

மே முதல் வாரம், வாசலில் டாக்ஸி நின்றது. மலைப்பாதை வாந்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குளிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் மனைவி கொடுத்த காப்பியை முகர்ந்து பாராமலே திண்ணையில் வைத்துவிட்டு, பரணைப் பற்றி நான் சொன்னதிலிருந்து ஆரம்பித்தாள். அன்று நான் பேசியவை, அவள் கணக்குப்படி, பதினோரு வாக்கியங்கள். முதல் வாக்கியத்துக்கான பதில் முடிவதற்குள் காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.