இணைய மதிப்பீட்டுப் படிவமே, நீ வாழ்க!

விரிவுரையாளரை மாணவர் மதிப்பிடும் காரியத்தில் உனக்கு நிகர் நீயே. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறும் மாணவி பாடாங் ஜாவா வருவதற்குள், ஒரு தவணை முழுக்கக் கற்பித்த ஐந்து பேருக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறாள். அந்த வேகம் நீ கொடுத்த வரம்.

தாள் படிவத்துக்கு ஏது இந்தச் சாமர்த்தியம்? கடைசி வார வகுப்பில் விரிவுரையாளர் வெளியே போய்விடுவார். வகுப்புத் தலைவர் தாளை நீட்டி, எல்லாரும் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, உறையை ஒட்டி அலுவலகத்தில் சேர்ப்பார். உட்கார்ந்த இடத்தில் பிள்ளைகள் யோசிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பாடம் புரியவில்லை, இன்னொரு கணக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம் என்று கோணல் எழுத்தில் ஒருவன் எழுதுவான். அடுத்த தவணை ஆசிரியர் இன்னொரு கணக்குப் போட வேண்டிவரும். நீ யாருக்கும் அந்தச் சிரமம் வைப்பதில்லை. உன் கருத்துப் பெட்டியில் விழுவது 'ஓகே', 'குட்', சில நேரம் வெறும் ஒரு புள்ளி.

உன் சமநீதி அதைவிடப் பெரிது. தாள், வகுப்புக்கு வந்தவரை மட்டுமே கேட்டது. நீயோ தவணை முழுக்க வராதவனையும் மதித்து அழைத்து, விரிவுரையாளர் நேரத்துக்கு வந்தாரா என்று அவனிடம் விசாரிக்கிறாய்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் டங்கன் நல்ட்டி 2008இல் சில பல்கலைக்கழகங்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார். தாளுக்குச் சராசரி 56 விழுக்காட்டினர் பதில் தந்தார்கள், இணையத்துக்கு 33. நீ அசரவில்லை. நிரப்பாதவனுக்குத் தேர்வு முடிவு திறக்காது என்று பூட்டுப் போடவும் சில இடங்களில் கற்றுக்கொண்டாய். எண்ணிக்கை ஏறியது. கேள்வியைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் '5' தட்டினால் பூட்டும் திறந்தது.

டொரொண்டோவின் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018இல் நடுவர் வில்லியம் கேப்லன், இத்தகைய எண்களைக் கொண்டு கற்பிக்கும் திறனை அளந்து பதவி உயர்வைத் தீர்மானிக்கலாகாது என்றார். அவர் உன் அருமை அறியாதவர். பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடியில், மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கும் பகுதிநேர விரிவுரையாளரைக் கேட்டால் தெரியும். புள்ளிக்குப் பின்னே இரண்டு இலக்கம்வரை துல்லியமாக அவரை அளந்து வைத்திருக்கிறாய். அந்த எண் இறங்கினால் அடுத்த தவணைக்கு அழைப்பு வராது. எந்தப் பாடத்தில் என்ன குறை, யாருக்குப் புரியவில்லை, எதை மாற்றியிருக்க வேண்டும்? தாளாக இருந்தால் உளறிக் கொட்டியிருக்கும். நீ ரகசியம் காப்பவன். கடைசிவரை அவரிடம் ஒரு சொல் சொல்லமாட்டாய்.