இரண்டே முக்கால் நூல்

வா மாப்ள, உட்காரு. பொட்டணத்தைப் பிரிக்காதே, என்னன்னு எனக்குத் தெரியும். காலையில அலுமினியக் கட்டை தேடி அலைஞ்சயாமா. பால் வாங்கப் போன இடத்துல உன்ற அத்தை கேட்டுட்டு வந்தா. அவனவன் பொண்ணு பாக்க அலையற வயசுல நீ 6061 ரக அலுமினியம் பாக்க அலையற. ரெண்டும் தரம் பாத்துத்தான் எடுக்கணும், அதைச் சொல்லலை.

பெடல் ஸ்டீல் கிடாராம். அமெரிக்காவுல நாஷ்வில்லுங்கற ஊர்ப் பாட்டுக்குப் பின்னால அழுதுட்டே கிடக்குமே, அது. மேசையாட்டம் நாலு காலு, மேல பத்துத் தந்தி. ஒரு கை இரும்பு உருளையை வழுக்கும், ஒரு கை மீட்டும். இடது காலுக்கு மூணு பெடல், முட்டிக்கு நாலஞ்சு நெம்புகோல், வலது காலுக்குச் சத்தம் ஏத்தி இறக்க இன்னொரு பெடல். நம்ம கோட்டு வாத்தியத்துலயும் கட்டையை வழுக்கித்தான் வாசிக்கிறாங்க. ஆனா முட்டிக்கு வேலை கொடுக்க மறந்துட்டாங்க, பாவம்.

"வாங்கினா லட்சக்கணக்குல ஆகும், நானே செஞ்சுக்கறேன் மாமா"ன்ன. நல்ல யோசனை. இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சுன்னு நான் கேட்கலை. நீயும் சத்தமாச் சொல்லாதே, அடுப்படி பக்கத்துலதான் இருக்குது.

நீ தினம் சொல்லிச் சொல்லி அந்த பால் பிக்ஸ்பி எனக்குப் பங்காளியாட்டம் ஆயிட்டான். கலிஃபோர்னியாக்காரன். பேட்டர்ன் அடிக்கிறவன், மோட்டார் சைக்கிள் வேலை பாத்தவன். 1948-ல ஸ்பீடி வெஸ்டுங்கறவருக்கு பெடல் வச்சு ஒண்ணு செஞ்சு கொடுத்தான். அப்புறம் பட் ஐசக்ஸ்னு ஒருத்தர், தந்தி ஒலிச்சுட்டு இருக்கறப்பவே பெடலை மிதிச்சுச் சுரத்தை வழுக்கி ஏத்தினாரு. 1954-ல வெளிவந்த, வெப் பியர்ஸ் பாடின 'ஸ்லோலி' பாட்டுல அதைக் கேட்டதும், அந்த அழுகை எல்லாருக்கும் வேணும்னு ஆயிப்போச்சு. ஒண்ணைக் கவனிச்சயா? பிக்ஸ்பி முதல்ல பட்டறைக்காரன், அப்புறம்தான் கிடாரு. நீ முதல்ல கம்ப்யூட்டர்காரன், அப்புறம் கிடார்க்காரன், பட்டறைக்காரனா ஆனது போன ஆயுத பூஜைக்கு.

சரி, விரலை எடு. உன்ற விரலை இல்லடா, அந்த அலுமினிய விரலை. தந்தி ஏறி வளைஞ்சு மாட்டற இடம். பத்துத் தந்திக்குப் பத்து விரல், எல்லாம் ஒரே தண்டுல ஆடணும். ஒரு தந்திக்கும் அடுத்ததுக்கும் 11/32 அங்குலம்னு சொல்லிட்டு வந்து நின்ன. நான் பயந்தே போயிட்டேன். அப்புறம் கணக்குப் போட்டா, நம்ம ஆசாரி பாஷையில இரண்டே முக்கால் நூல்! இதுக்கா இத்தனை நாள் தூங்கலை?

ஆனா தூங்காம இருக்கவும் காரணம் இருக்குது. ஒரு விரல் அம்பது மைக்ரான் தடிச்சா யாருக்கும் தெரியாது. பத்தும் தடிச்சா கடைசி விரல் அரை மில்லி தள்ளி நிக்கும். அதனால விரலுக்கு விரல் அளந்து, தண்டுல கோத்து, மொத்தத்தையும் ஒருதரம் அள. மேல் வளைவைத் தனித்தனியா ராவி அழகு பாக்காதே. பத்தையும் ஒரே தண்டுல கோத்து, இறுக்கி, ஒரே பிடியில கடைஞ்சு எடு. அண்ணன் தம்பியை ஒண்ணா உட்கார வச்சு முடி வெட்டற மாதிரி. தப்பானாலும் எல்லாருக்கும் ஒரே தப்பு, சண்டை வராது.

தண்டு போற ஓட்டைக்கு ரீமர் வேண்டாம், ட்ரில் போதும்னு நேத்துச் சொன்ன பாரு, அதைக் கேட்டு எனக்கு என் இருபத்திரெண்டு வயசு ஞாபகம் வந்துச்சு. ஒரு பட்டறையில நாப்பது புஷ்ஷு, அவசரம், நேரா ட்ரில்லை விட்டு அடிச்சுத் தள்ளினேன். பின்னைப் போட்டா நாப்பதும் கொலுசாட்டம் குலுங்குச்சு. அந்த மாசச் சம்பளம் குலுங்கலை. நீயும் தாராளமா ட்ரில் போடு, எனக்கென்ன. ஆனா கேட்டுக்க: நீ பெடலை மிதிச்சா, கம்பி குறுக்குத் தண்டைத் திருப்புது, தண்டு இன்னொரு கம்பியை இழுக்குது, அது விரலைச் சாய்க்குது, விரல் தந்தியை இறுக்குது. இத்தனை ஆர்ப்பாட்டமும் எதுக்கு? அஞ்சாவது தந்தி ஒரு முழுச் சுரம், ஸ-வுல இருந்து ரி-க்குப் போற அளவு, ஏற. அதுக்கு விரல் நுனி முக்கால் மில்லி நகந்தாப் போதும். அந்த முக்கால் மில்லிக்குள்ள தலைமுடி கனத்துக்கு ஆட்டம் இருந்தா, போன சுரம் வீட்டுக்குத் திரும்பி வராது. தண்ணியைப் போட்டவனாட்டம் பக்கத்து வீட்டுத் திண்ணையில படுத்துக்கும்.

அலுமினியத்தைக் கடையறப்போ மண்ணெண்ணெய் தொட்டுக்க. இல்லைன்னா டூல் நுனியில அப்பிக்கும், அப்புறம் கடையாது, பிராண்டும்.

தந்தியோட மறுமுனையில, நட்டுப் பக்கம் உருளையெல்லாம் ஒரே ஆழத்துல காடி வெட்டியிருக்கற. பாக்க லட்சணமாத்தான் இருக்குது. ஆனா மூணாவது தந்தி 0.011 அங்குலம், பத்தாவது 0.036. மேல வைக்கிற இரும்பு உருளை நேரா உட்காரணும்னா தந்திகளோட முதுகு சமமா இருக்கணும், வயிறு இல்ல. தடிச்சதுக்கு ஆழமா, மெலிஞ்சதுக்கு மேலாக வெட்டு. இதைச் சொன்னா மூஞ்சி ஏன் சுருங்குது? பத்து உருளைதான, இன்னொரு ஞாயித்துக்கிழமை போச்சுன்னு வச்சுக்க.

பெட்டிக்கு மேப்பிள் கிடைக்கலைன்னு பிளைவுட்டை யோசிக்கிறயாமா. பத்துத் தந்தியும் சேர்ந்தா நாலஞ்சு சிப்பம் அரிசி கனத்துக்கு இழுக்கும். நீ பெடலை மிதிச்சா மரமும் கொஞ்சம் வளையும், நீ தொடாத தந்தியும் சுருதி இறங்கும். நல்ல மரத்துலயே இந்தக் கூத்து உண்டு. பிளைவுட்டுன்னா பாட்டே குனிஞ்சு கும்பிடு போடும்.

இப்பக் கையைக் கொடு. அந்த விரலோட வளைவுல நகத்தை வச்சு இழு. கிர்ருனு தட்டுதா? அதுதான் பிசிறு. பட்டறைக்காரனும் பிசிறுங்கறான், பாட்டு வாத்தியாரும் பிசிறுங்கறாரு. ரெண்டும் வேற வேறன்னுதான் நானும் நாப்பது வருஷம் நெனச்சுட்டு இருந்தேன். மத்த தந்திக கொஞ்சம் பொறுத்துக்கும். மூணாவது அம்புட்டு மெலிசு, நீ மிதிக்க மிதிக்க அந்தக் கீறல் மேலயே மடிஞ்சு மடிஞ்சு பட்டுனு போயிடும். குறுக்கால தேய்க்காதே, தந்தி ஓடற வாக்குலயே தேய்க்கணும்.

உனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மூணாவது விரலை மட்டும் இங்க வச்சுட்டுப் போ. அத்தைகிட்ட மூச்சு விடாதே. குத்துவிளக்குத் தேய்க்கிற பிராஸோ டப்பாவைக் காணோம்னு அவ ரெண்டு நாளாத் தேடிட்டு இருக்கறா.