மிச்சத் துணிக் கணக்கு

எங்கள் பக்கத்தில் எதுவும் வீணாகப் போவதில்லை. மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலையில் கரும்பைப் பிழிந்து மிஞ்சும் சக்கை, அதே ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்த பிறகு தங்கும் திப்பியை மாடு தின்கிறது. 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் இருக்கிறதே, அதைச் செதுக்கும்போது விழும் சிராய்கூட அடுப்பெரிக்க உதவும். எனக்குத் தெரிந்து சங்கராபுரத்தில் தீர்த்துக்கட்ட முடியாத பொருள் ஒன்றே ஒன்றுதான்: தைக்கத் தெரிந்த பெண்ணிடம் சேர்ந்துவிட்ட மிச்சத் துணி.

என் தையல் மிஷின் இருக்கும் இடத்தை நான் தையல் அறை என்பேன். வீட்டில் மற்றவர்கள் 'மாடிப்படிக்கு அடியில' என்பார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தால் முதலில் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். அரிசிச் சாக்கில் வெட்டுத் துணி. பிஸ்கட் டின்னில் பட்டன், கொக்கி, பல் போன ஜிப். எந்தச் சேலைக்கு ஓரம் அடித்த நூலோ என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாத நிறங்களில் அரைகுறை பாபின்கள். போர்வைக்குள் வைக்க வாங்கிய பஞ்சு விரிப்பில் மிஞ்சிய துண்டு ஒன்று. தலையணைக்குப் போதாது, ஊசி குத்தி வைக்க அதிகம். இவை அத்தனைக்கும் மேலே, ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஜாக்கெட் பிட்.

ஜாக்கெட் பிட்டை யாரும் தைப்பதற்காகக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் இன்னொருவருக்குக் கொடுப்பதற்காகவே கொடுக்கிறார்கள். புதுமனை புகுவிழாவில் புறப்பட்டு, வளைகாப்புக்குப் போய், நவராத்திரி கொலுவில் இளைப்பாறி, மறுபடி ஒரு புதுமனைக்குள் நுழையும். அதன் நிறத்துக்கு இணையான சேலையை இதுவரை எந்தத் தறியும் நெய்ததில்லை. ஆனால் அந்தப் பயணம் ஒரே ஒரு வீட்டில் நின்றுபோகும். அது தையல் தெரிந்தவள் வீடு. "அவ எதையாவது பண்ணிக்குவா" என்று ஊரே ஒருமனதாக முடிவு செய்துவிடுகிறது.

மிச்சத் துணியைத் தரம் பிரிப்பதும் சுலபமில்லை. பெரிய துண்டை வெட்ட மனசு வராது. நாளைக்கு ஒரு பாவாடைக்கு ஆகும். சின்னத் துண்டை எறியவும் மனசு வராது. அது அந்தப் பெரிய துண்டுக்கு ஜோடி. நடுத்தரத் துண்டுதான் எதற்கும் பயமில்லாமல் வெட்டக்கூடியது. அதுதான் இருப்பதே இல்லை.

"ஏம்மா, போகிக்கு இத்தன சாமானும் எரிஞ்சிட்டிருக்கு, இந்தச் சாக்கு மட்டும் எதுக்கு?" என்றார் அத்தை.

"ஒட்டுப் போர்வை தச்சுத் தீர்த்துடறேன் அத்தை."

"ஒட்டுப் போட்டதையா? வர்றவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

நான் சும்மா இருக்கவில்லை. "தென்னார்க்காடுன்னு ஒரு முழுத் துணி இருந்துச்சு. 1993-ல அதுல வெட்டுனது விழுப்புரம். 2019-ல விழுப்புரத்துல வெட்டுனது கள்ளக்குறிச்சி. நாம குடியிருக்கிறதே வெட்டுத் துண்டுலதான் அத்தை."

"அந்தத் துண்டுக்கு ஒரு கலெக்டர் ஆபீசு வந்துச்சு. இதுக்கு என்ன வரும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

என்ன வரும் என்று பார்க்கக் கணக்கில் இறங்கினேன். வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார் என்பதால் காகிதம் பென்சிலோடு கூடவே உட்கார்ந்தார். ஒற்றைக் கட்டில் போர்வைக்கு 60 இன்ச் அகலம், 90 இன்ச் நீளம். நான்கு இன்ச் சதுரமாக வெட்டினால் நாலா பக்கமும் கால் இன்ச் தையலுக்குள் போய் மூன்றரை இன்ச்தான் வெளியே தெரியும். அகலத்தில் 17, நீளத்தில் 26. ஆகமொத்தம் 442 சதுரம்.

"442 துண்டு ஒரே அடியா காலி!" என்றார் மகிழ்ச்சியாக.

அடித்துணியை அவர் மறந்துவிட்டார். அதற்கு ஒரே நிறத்தில் புதுத் துணிதான் வாங்க வேண்டும். அதன் அகலம் 44 இன்ச், போர்வைக்குப் போதாது. ஆகவே இரண்டரை மீட்டராக இரண்டு நீளம் எடுத்து நடுவில் மூட்டுவோம். கிடைக்கும் 88 இன்ச்சில் போர்வையின் அகலம், மூட்டு, ஓர மடிப்பு எல்லாம் போக 24 இன்ச் அகலத்துக்கு இரண்டரை மீட்டர் பட்டை ஒன்று மிஞ்சும். அதை வெட்டினால் 144 சதுரம்.

"சரி, 442 போய் 144 வந்திருக்கு. கொறையத்தான செய்யுது? தொடர்ந்து தச்சா ஒருநாள் தீர்ந்துடும்."

"மூணு போர்வை தச்சா 432 சதுரம் மிஞ்சும். நாலாவது போர்வைக்குப் பத்து சதுரம் பத்தாது."

"அந்தப் பத்தை வாங்கிக்கலாம்."

"பத்து சதுரம்னு கேட்டா எந்தக் கடையில கிழிச்சுக் குடுப்பாங்க? அரை மீட்டர் வாங்கணும். அதுல 44 சதுரம் வரும். பத்து போக 34. அப்புறம் நாலாவது போர்வைக்கு அடித்துணி, அதுல ஒரு 144."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார்.

மிச்சத் துணியை உண்மையிலேயே தீர்த்துக் காட்டியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த சித்தி இனப் பெண்கள் பழந்துணியை வைத்துக் கவண்டி என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் பூ வைத்தால்தான் போர்வை முழுமையாகும். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், பருத்திக்காட்டு அடிமைகளின் வழிவந்த பெண்கள் வயலில் போட்டுக் கிழித்த கால்சட்டைகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். 2002-ல் அவை ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரேறின. 2006-ல் தபால்தலையிலும் வந்தன. இதை அத்தையிடம் சொன்னேன். "கிழிஞ்ச பேண்ட்டைச் சுவத்துல மாட்டுனாங்களா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, பரணில் கிடந்த மாமாவின் பழைய கால்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் சாக்கின் மேல் வைத்தார். படித்ததை வீட்டில் சொல்வதால் வரும் வினை.

நம் பக்கத்துச் சான்றும் உண்டு. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் காட்டும் பொருநனின் உடை, பேனும் ஈரும் குடியேறி, வியர்வையில் நனைந்து, வேறு வேறு நூலால் தைத்து ஒட்டுப்போட்ட கந்தல். கரிகாலன் அதை நீக்கிவிட்டு, பாம்புச் சட்டை போல மெல்லிய பூவேலைத் துணியை உடுத்தக் கொடுக்கிறான். நீக்கிய கந்தல் எங்கே போனது என்று புலவர் சொல்லவில்லை. அரண்மனையில் தைக்கத் தெரிந்த யாராவது இருந்திருந்தால் அதை அலசிக் காயவைத்து, "இந்த மூலை நல்லாத்தான் இருக்கு" என்று மடித்து வைத்திருப்பாள்.

கவண்டிக்காரர்களுக்கும் ஜீஸ் பெண்ட்காரர்களுக்கும் துணி தீர்ந்ததில் ரகசியம் ஏதுமில்லை. குளிர் இருந்தது, கையில் காசு இல்லை, இருப்பதை வைத்துத்தான் உடம்பை மூட வேண்டும். குறைந்த துண்டுக்கு அரை மீட்டர் வாங்கலாம் என்ற யோசனைக்கே அங்கே இடமில்லை. எனக்கோ குளிரும் கிடையாது, கடைக்கும் குறைவில்லை. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் வீடு இருந்தாலாவது குளிருக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். கீழே சங்கராபுரத்தில் மார்கழி விடியற்காலை தவிர மற்ற நாளெல்லாம் போர்வை என்பது கொசுவுக்காக. தேவைக்குத் தைத்தால் துணி தீரும். துணியைத் தீர்க்கத் தைத்தால் துணி பெருகும். இந்த ஒரு விதியைத்தான் படிக்கட்டுக்கு அடியில் கற்றுக்கொண்டேன்.

தேவையான பொருளாகவே தைக்கலாமே என்று கால்மிதி தைத்தேன். எங்கள் வீட்டுக்கு வாசல் குறைவு, கால்மிதி அதிகமாகிவிட்டது. அடுத்தது பை. 2019-ல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. ஆகவே பை தைப்பதற்கு அரசாங்க ஆதரவே இருக்கிறது. ஆனால் எல்லார் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. அதற்குள் இருப்பவை பைகள். கடைக்குக் கிளம்பும்போது மட்டும் ஒன்றும் ஞாபகம் வராது.

இதற்குள் செய்தி தெருவில் பரவிவிட்டது. "அக்கா, நீங்க பிட்டுத் துணியில என்னென்னமோ பண்றீங்களாமே" என்று எதிர்வீட்டுப் பெண் வந்தாள். பை கேட்கத்தான் வருகிறாள் என்று நான்கைந்தை எடுத்து வைத்தேன். அவள் கையில் ஒரு மூட்டை இருந்தது. "குப்பையில போட மனசு வரல. உங்களுக்குன்னா பிரயோஜனப்படும்." மறுநாள் கடைத்தெருவில் தைக்கும் அண்ணன் ஒருவர், தீபாவளியிலிருந்து சேர்த்து வைத்ததை ஆட்டோவில் அனுப்பி வைத்தார். ஆட்டோவுக்குக் காசு நான் கொடுத்தேன்.

ஆனாலும் ஒரு போர்வையைத் தைத்து முடித்தேன். 442 சதுரமும் உட்கார்ந்து, ஓரம் மடிந்து, நான்கு மூலையிலும் சித்திப் பெண்களைப் பார்த்து வைத்த பூவோடு கொடியில் தொங்கியபோது அத்தை கிட்டே வந்து நின்றார். ஒரு பச்சைச் சதுரத்தைத் தொட்டு, "இது என் வளைகாப்புச் சேலை," என்றார். அப்புறம் வர்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்கவில்லை. வந்தவர்களை எல்லாம் அவரே கொடிப் பக்கம் கூட்டிப்போனார்.

நாத்தனார் பெண்ணின் குழந்தைக்குப் பேர் வைக்கும் விழா திருக்கோவிலூரில். பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதான் மெத்தென்று இருக்கும், புதுத்துணி குத்தும் என்று அத்தையே முடிவெடுத்து, போர்வையை மடித்துக் கொடுத்தார். அங்கே அதைத் தொட்டிலுக்கு அடியில் விரித்தார்கள். எல்லோரும் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போர்வையையும் பார்த்தார்கள். ஒரு சாக்கு காலியானது என்ற நிம்மதியோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். வாசலில் நாத்தனார் குங்குமம் வைத்துவிட்டு, "அண்ணி, இத மறந்துட்டீங்களே" என்று தாம்பூலப் பையைக் கையில் திணித்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன். வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள். அடியில் ஆரஞ்சும் ஊதாவும் கலந்த ஒரு ஜாக்கெட் பிட். ஜன்னலோரத்திலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எண்பது சென்டிமீட்டரா?"

"இருக்கும்."

"ஏழு பதினொண்ணு எழுபத்தேழு," என்றார்.

முன்சீட்டிலிருந்து அத்தை திரும்பி, தன் தாம்பூலப் பையிலிருந்த பிட்டை என் மடியில் போட்டார். "இதையும் சேத்துக்க."

154.