சிங்கிள் ஓனர், குட் கண்டிஷன்

பழைய பைக்கை விற்க வேண்டுமானால் அது ஓடாத வண்டியாக இருப்பது உத்தமம். காயலான் கடைக்காரர் தராசில் போட்டு ஒரு விலை சொல்லிவிடுவார், கதை முடிந்தது. நன்றாக ஓடுகிற வண்டியை விற்பதுதான் பாடு. அது நன்றாக ஓடுகிறது என்று உரிமையாளரைத் தவிர ஒருவரும் நம்புவதில்லை.

எங்களுடையது 2009-ஆம் ஆண்டு ஸ்பிளெண்டர் பிளஸ். 97.2 சிசி, நாலு கியர். நாலும் முன்பக்கம் மிதித்தாலே விழும். எதை மிதிப்பது, எதைத் தூக்குவது என்று குழம்ப வேண்டியதில்லை. கிளட்ச்சை முழுசாக விட்டாலும் முதல் கியரில் நடக்கிற வேகத்தில் அதுபாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கும். லைசென்ஸுக்கு எட்டு போடும்போது காலை ஊன்றினால் அம்பேல் என்பதால், இந்தக் குணம் பெரிய வரம். நான், தங்கை, சித்தப்பா மகன், மாடி வீட்டு அக்கா எல்லோரும் இதில்தான் எட்டு போட்டோம். நியாயமாகப் பார்த்தால் எங்கள் தெருவில் பாதி லைசென்ஸில் இதன் போட்டோ இருக்க வேண்டும்.

விளம்பரத்தை அப்பா எழுதினார்: "நல்ல வண்டி. நம்பி வாங்கலாம்." நம்பி வாங்கலாம் என்றதுமே ஜனங்கள் உஷாராகிவிட்டார்கள். நான் மாற்றி எழுத உட்கார்ந்தேன். 'சிங்கிள் ஓனர், குட் கண்டிஷன்' எல்லோரும் போடுவது. 'டாக்டர் ஓட்டியது' என்று போடலாம்தான். ஆனால் மதுரையில் விலைக்கு வருகிற அத்தனை பைக்கையும் டாக்டர்களே ஓட்டிக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டது யார்? 'லேடீஸ் ஓட்டியது', 'வீட்டில் சும்மா நின்றது'... புளுகர்கள் எல்லா நல்ல வார்த்தைகளையும் முன்கூட்டியே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நிஜமாகவே நல்ல வண்டி வைத்திருப்பவனுக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை.

முதலில் வந்தவர், "எவ்வளவு குடுக்கும்?" என்றார். "லிட்டருக்கு ஐம்பத்தஞ்சு" என்றேன். சத்தியமான கணக்கு.

"அப்ப நாப்பத்தஞ்சுன்னு வச்சுக்குவோம்."

அறுபத்தைந்து என்று அளந்திருந்தால் மனிதர் சரியாக உண்மையில் வந்து இறங்கியிருப்பார்.

அடுத்து வந்தவரிடம் குறையை முதலிலேயே சொல்லிவிட்டேன். பின் பிரேக் ஷூ மாற்ற வேண்டும், இடது இண்டிகேட்டர் எரியாது. அவர் முகம் மாறியது. கூட வந்தவரைத் தள்ளிக்கொண்டு போய், "இவ்வளவையும் சொல்றாருன்னா சொல்லாதது எவ்வளவு இருக்கும்?" என்று கிசுகிசுத்தார். இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். எந்த ஊர் டீக்கடையோ தெரியவில்லை.

பிறகுதான் செல்லூரிலிருந்து ஒரு பையன் வந்தான், கல்லூரியில் சேர்ந்த கையோடு. துணைக்கு மாமா, மாமாவுக்குத் துணை ஒரு மெக்கானிக். மெக்கானிக் வணக்கம்கூடச் சொல்லாமல் இன்ஜின் மேல் கையை வைத்தார். நாங்கள் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருக்கிறோமா என்று பார்க்கிறாராம். ஜில்லென்று இருந்தது. சோக்கை இழுத்து உதைத்தார்; முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. சைலன்சர் பக்கம் குனிந்தார். நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் போச்சு என்று அர்த்தம், வரவில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையை இன்ஜினில் ஊன்றிப் பிடியில் காதை வைத்து டைமிங் செயின் சத்தத்துக்காகக் காத்திருந்தார். ஹேண்டில்பாரை உலுக்கினார். செயினை இழுத்துப் பார்த்தார். கடைசியில் எழுந்து, துக்கம் விசாரிக்கிற குரலில், "ஒண்ணும் இல்லையே" என்றார். மாமாவுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

பதினைந்து வருடம் முடிந்து 2029 வரைக்கும் புதுப்பித்த ஆர்சியையும் பசுமை வரி கட்டிய ரசீதையும் அப்பா நீட்டினார். ஆயில் மாற்றிய பில்களைத் தேதிவாரியாகக் கோத்த ஃபைலைத் திறந்தார். ஒருவரும் சீந்தவில்லை. மெக்கானிக்கின் கண் மட்டும் பெட்ரோல் டேங்கில் நிலைத்தது. "ஹீரோ ஹோண்டான்னு போட்டிருக்கு. ரெண்டு கம்பெனியும் பிரியறதுக்கு முந்தின வண்டி. கண்ணை மூடிக்கிட்டு எடுங்க." ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்தது 2010 டிசம்பரில். அப்பா இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து ஊற்றிய ஆயில் விற்காத வண்டியை, யாரோ இருவர் பாகம் பிரித்துக்கொண்டது விற்றுக்கொடுத்தது.

விலை சீக்கிரமே படிந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்த மாமா, "29, 30 ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க சார், பேரைப் பொறுமையா மாத்திக்கிறோம்" என்றார்.

அப்பா தினமும் பேப்பரை வரிவிடாமல் படிக்கிறவர். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். பல கை மாறிய ஒரு கார் விபத்தில் மாட்டிய வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்புதான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துவிட்டார்.

"என்ன சார், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" மாமாவின் குரலே உடைந்துவிட்டது. பக்கத்தில் மெக்கானிக் காதில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நம்பிக்கை இல்லாமயா? அதான் நானே உங்களோட ஆபீசுக்கு வர்றேன்" என்று சட்டை மாட்ட உள்ளே போன அப்பா, என்னைக் கண்ணால் கூப்பிட்டார். ஒரு டியூபையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பெட்ரோலை இறக்கிவிடச் சொன்னார். ரிசர்வில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரைக்கும் தாராளமாகப் போகுமாம்.